செல்பேசியின் புதிய தலைமுறை ஊருக்கு வரும் வழி

விஞ்ஞானம் நமக்கு அளித்துள்ள கருவிகளுள் செல்பேசியைப் போல இவ்வளவு விரைவாக ஏழை, பணக்காரர் எல்லோர் கையையும் எட்டிய பொருள் வேறொன்று இல்லை எனலாம். வங்கிப் பணம், ரயில் பயணச்சீட்டு, புயல் எச்சரிக்கை, பள்ளியிலிருந்து பெற்றோருக்குச் செல்லும் செய்தி ஆகிய யாவும் இன்று அதன் வழியாகவே வருகின்றன. அதன் திரையின் மேல் மூலையில் 4ஜி என்றோ 5ஜி என்றோ ஒரு சிறு குறி தெரிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நகரத்தில் 5ஜி என்று காட்டும் அதே கருவி, பேருந்து மலைப்பாதையில் ஏறும்போது 4ஜி என்று காட்டுகிறது. இன்னும் மேலே போனால் அந்தக் குறியே மறைந்துவிடுகிறது.

‘ஜி’ என்பது தலைமுறையைக் குறிக்கும் எழுத்து. 5ஜி என்றால் ஐந்தாம் தலைமுறை. புதிய தலைமுறை வந்துவிட்டது என்று செய்தித்தாள்கள் ஒரு நாள் பெரிய எழுத்தில் அறிவிக்கின்றன. ஆனால் அந்த அறிவிப்புக்குப் பிறகும் சில ஊர்களுக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆவது ஏன்? புதியது வந்தபின் பழையது என்ன ஆகிறது? பழைய கருவியையே நம்பியிருப்பவர்களின் நிலை என்ன? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

செல் என்பதன் பொருள்

‘செல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சிற்றறை என்று பொருள். தேன்கூட்டை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். வானொலி அலைகளில் செல்பேசிக்கென ஒதுக்கப்பட்டவை மிகச் சில. ஒரு நகரம் முழுவதற்கும் ஒரே பெரிய கோபுரம் வைத்தால், அந்தச் சில அலைகளைக் கொண்டு மிகச் சிலரே ஒரே நேரத்தில் பேச முடியும். இதற்கு 1947-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழி கூறப்பட்டது. நகரத்தைப் பல சிற்றறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வலுக் குறைந்த ஒரு சிறு நிலையத்தை வைப்பதே அந்த வழி.

நம் பள்ளியையே எடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்த இரு வகுப்புகளில் ஒரே நேரத்தில் வாய்விட்டுச் செய்யுள் ஒப்பித்தால் இரண்டும் கலந்து குழப்பமாகும். ஆனால் கட்டடத்தின் இந்தக் கோடியில் உள்ள வகுப்பும் அந்தக் கோடியில் உள்ள வகுப்பும் ஒரே நேரத்தில் ஒப்பிக்கலாம். ஒன்றுக்கொன்று இடையூறு இராது. அதுபோலவே, ஒரு சிற்றறையில் பயன்படும் அதே அலையைத் தொலைவில் உள்ள மற்றொரு சிற்றறையிலும் பயன்படுத்த முடிகிறது. பயணம் செய்பவர் ஓர் அறையைக் கடந்து அடுத்த அறைக்குள் நுழையும்போது, தொடர் ஓட்டத்தில் கோல் கைமாறுவது போல அவருடைய பேச்சு ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்துக்குக் கைமாறுகிறது. எத்தனை தலைமுறை வந்தாலும் இந்த அடிப்படை மாறவில்லை.

ஐந்து தலைமுறைகள்

முதல் தலைமுறையை 1979 டிசம்பரில் ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் டோக்கியோவில் தொடங்கியது. அது காரில் பொருத்தும் தொலைபேசி. அமெரிக்காவில் 1983 அக்டோபர் 13 அன்று சிகாகோ நகரில் சேவை தொடங்கியது. அந்நாளில் விற்பனைக்கு வந்த மோட்டோரோலா கைக்கருவி ஏறத்தாழ 800 கிராம் எடை இருந்தது. விலை 3,995 டாலர். அதில் பேச மட்டுமே முடியும்.

இரண்டாம் தலைமுறையில் குரல் எண்களாக மாற்றப்பட்டு அனுப்பப்பட்டது. இதனால் அதே அலையில் அதிகம் பேர் பேச முடிந்தது. பிறர் ஒட்டுக்கேட்பதும் கடினமாயிற்று. 1991-ஆம் ஆண்டு பின்லாந்தில் இது தொடங்கியது. குறுஞ்செய்தி இந்தத் தலைமுறையின் கொடை. 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் அனுப்பப்பட்ட முதல் குறுஞ்செய்தி ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ?

மூன்றாம் தலைமுறை 2001 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் தொடங்கியது. படமும் இணையமும் ஓரளவு வேகத்தில் கைக்கு வந்தன. நான்காம் தலைமுறை 2009 டிசம்பர் 14 அன்று ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம், நார்வேயின் ஆஸ்லோ ஆகிய இரு நகரங்களில் தொடங்கியது. ஐந்தாம் தலைமுறை 2019 ஏப்ரலில் தென் கொரியாவிலும் அமெரிக்காவிலும் பொதுமக்களுக்கு வந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒரு தலைமுறை என்ற கணக்கு இதிலிருந்து தெரிகிறது.

நம் நாட்டின் கணக்கு சற்று வேறு. இந்தியாவில் செல்பேசிச் சேவை நேராக இரண்டாம் தலைமுறையிலிருந்தே தொடங்கியது. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, தில்லியில் இருந்த மத்திய தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அதுவே நாட்டின் முதல் செல்பேசி அழைப்பு. அக்காலத்தில் ஒரு நிமிடப் பேச்சுக்கு 16 ரூபாய் வரை கட்டணம். நம்மை அழைப்பவரிடம் பேசவும் நாமே பணம் கட்ட வேண்டும். 2003-ஆம் ஆண்டில்தான் வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்ற நிலை வந்தது. மூன்றாம் தலைமுறை 2008 டிசம்பரில் தில்லியிலும், 2009-இல் சென்னையிலும் அரசு நிறுவனங்களின் வழியாக வந்தது. நான்காம் தலைமுறை 2012 ஏப்ரலில் கொல்கத்தாவில் தொடங்கியது. ஐந்தாம் தலைமுறையைப் பிரதமர் 2022 அக்டோபர் 1 அன்று தில்லியில் தொடங்கி வைத்தார்.

முதலில் பிறப்பது விதிநூல்

புதிய தலைமுறை என்பது ஒரு நிறுவனம் கண்டுபிடித்து விற்கும் பொருள் அன்று. அது முதலில் ஒரு விதிநூலாகவே பிறக்கிறது. கொரியாவில் செய்த கருவி நாகர்கோவிலில் வேலை செய்ய வேண்டுமானால், கருவியும் கோபுரமும் ஒரே மொழி பேச வேண்டும். அந்த மொழிக்கு இலக்கணம் எழுதுவதற்கே பல ஆண்டுகள் பிடிக்கும்.

ஜெனிவாவில் உள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், 1865-இல் தோன்றிய பழைமையான அமைப்பு. அடுத்த தலைமுறை எவ்வளவு வேகம் தர வேண்டும், எவ்வளவு தாமதம் இருக்கலாம் என்ற இலக்கை அது வகுக்கிறது. 5ஜிக்கு அது வகுத்த உச்ச வேகம் விநாடிக்கு 20 கிகா பிட். இலக்கை எட்டும் வழிமுறையை எழுதுவது 3ஜிபிபி என்னும் கூட்டமைப்பு. 1998-இல் தோன்றிய இதில் பல நாடுகளின் ஏழு தர நிர்ணய அமைப்புகள் உள்ளன. இந்தியாவின் அமைப்பும் அவற்றுள் ஒன்று. 5ஜியின் முதல் விதிகள் 2017, 2018-ஆம் ஆண்டுகளில் முடிவாயின. அதன்பின்தான் தொழிற்சாலைகள் அதற்கான சிப்புகளையும் கருவிகளையும் செய்யத் தொடங்கின. நம் கைக்கு 5ஜி வந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. 6ஜிக்கான இலக்குகளை ஒன்றியம் 2023-லேயே வகுத்துவிட்டது. ஆகவே ஒரு தலைமுறை நம் கையில் இருக்கும்போதே அடுத்ததன் விதைப்பு நடந்துகொண்டிருக்கிறது.

அலைக்கற்றை ஏலம்

விதிநூல் தயார். அடுத்து வேண்டுவது அலை. கண்ணுக்குத் தெரியாத இந்த அலைகள் நிலத்தைப் போன்ற பொதுச் சொத்து. ஒரே அலையில் இருவர் ஒரே இடத்தில் பேசினால் இருவருக்கும் கேளாது. ஆதலால் யார் எந்த அலையைப் பயன்படுத்தலாம் என்பதை அரசே வரையறுக்கிறது. இன்று பெரும்பாலும் ஏலத்தின் வழியாக அது நடைபெறுகிறது. 2010-இல் நடந்த மூன்றாம் தலைமுறை அலைக்கற்றை ஏலம் 34 நாள் நீடித்து அரசுக்கு ஏறத்தாழ 67,700 கோடி ரூபாய் ஈட்டித் தந்தது. 2022-இல் நடந்த 5ஜி ஏலத்தில் கேட்கப்பட்ட தொகை 1,50,173 கோடி ரூபாய். இந்த உரிமை 20 ஆண்டுகளுக்கு உரியது. வாங்கியவர் குறித்த காலத்துக்குள் குறித்த அளவு இடங்களுக்குச் சேவை தர வேண்டும் என்ற நிபந்தனையும் அதனுடன் சேர்ந்தே வருகிறது.

அலைகள் எல்லாம் ஒரே குணம் உடையவை அல்ல. 700 மெகா ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண் அலை பல கிலோமீட்டர் செல்லும், சுவரை ஊடுருவும், ஆனால் அது சுமந்து செல்லும் செய்தி குறைவு. 3,300 மெகா ஹெர்ட்ஸ் அளவிலான அலை நிறையச் சுமக்கும். ஆனால் எட்டும் தொலைவு குறைவு. 26 கிகா ஹெர்ட்ஸ் அலை மிகப் பெரும் சுமையைத் தாங்கும். ஆனால் சில நூறு மீட்டருக்குள் தளர்ந்துவிடும், ஒரு சுவர் குறுக்கே வந்தாலும் நின்றுவிடும். தெருவுக்குத் தெரு செல்லும் சைக்கிளும், நெடுஞ்சாலையில் செல்லும் லாரியும் போல இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. ‘5ஜி’ என்று ஒரே பெயர் சொன்னாலும், எந்த அலையில் வரும் 5ஜி என்பதைப் பொறுத்தே ஊருக்குக் கிடைக்கும் பயன் அமைகிறது.

கோபுரத்தில் நடக்கும் வேலை

இனிக் கோபுரத்துக்கு வருவோம். புதிய தலைமுறை வந்தால் கோபுரத்தையே இடித்துப் புதிதாகக் கட்டுவதில்லை. அதே இரும்புத் தூணில், பழைய ஆண்டெனாவின் பக்கத்திலேயே புதிய பலகை ஒன்றைப் பொருத்துகிறார்கள். 5ஜிக்கான பெரிய பலகைகளுள் 64 அலைபரப்பிகள் வரை அடங்கியிருக்கும். அவை ஒருங்கே இயங்கி, நாலாபுறமும் அலையை இறைக்காமல், யார் பேசுகிறாரோ அவர் இருக்கும் திசைக்கு அதைக் குவித்து அனுப்புகின்றன.

கோபுரத்தின் மேலே மாறினால் மட்டும் போதாது. கீழேயும் மாற வேண்டும். கோபுரத்திலிருந்து செய்தியை நகரத்துக்குக் கொண்டுசெல்லும் வழி குறுகலாக இருந்தால், மேலே எவ்வளவு வேகம் இருந்தும் பயனில்லை. வாய் அகன்ற புனலின் கீழே மெல்லிய குழாய் இருப்பது போன்ற நிலை அது. ஆகவே கோபுரங்களுக்குக் கண்ணாடியிழை வடம் போட வேண்டியிருக்கிறது. சாலை ஓரம் தோண்ட அனுமதி, வனப்பகுதியில் அனுமதி, தடையில்லா மின்சாரம், மின்சாரம் நின்றால் பேட்டரி என இப்படி ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஒரு வேலைப் பட்டியல் நீளுகிறது. வானத்தில் செல்லும் அலையைவிடத் தரையில் தோண்டும் பள்ளமே பல இடங்களில் அதிக நாள் வாங்குகிறது.

இதில் நாம் பாராட்ட வேண்டிய ஒன்று உண்டு. மதுரை - போடிநாயக்கனூர் மீட்டர் கேஜ் ரயில் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டபோது 2010-ஆம் ஆண்டு இறுதியோடு ரயில் நிறுத்தப்பட்டது. புதிய பாதையில் தேனி வரை 2022-இலும், போடி வரை 2023-இலும்தான் ரயில் ஓடியது. பன்னிரண்டு ஆண்டுகள் அந்த மக்கள் ரயில் இன்றிக் காத்திருந்தனர். செல்பேசி வலையமைப்பில் அவ்வாறு செய்வதில்லை. பழைய பாதையில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அருகில் புதிய பாதை போடப்படுகிறது. புதியது இல்லாத இடத்தில் நம் கருவி தானாகவே பழையதற்கு இறங்கி வந்து வேலை செய்கிறது. மலைப்பாதையில் 5ஜி மறைந்து 4ஜி தோன்றுவது இதனாலேயே.

மாடி கட்டுவதா, புது வீடு கட்டுவதா?

கோபுரங்களுக்குப் பின்னால், எல்லா அழைப்புகளையும் நிர்வகிக்கும் கணினித் தொகுதி ஒன்று உண்டு. அதை வலையமைப்பின் மூளை எனலாம். 5ஜிக்கு மாறும்போது நிறுவனங்களின் முன் இரண்டு வழிகள் இருந்தன.

முதல் வழி, பழைய 4ஜி மூளையையே வைத்துக்கொண்டு கோபுரத்தில் மட்டும் 5ஜி ஆண்டெனாவைச் சேர்ப்பது. பழைய வீட்டின்மேல் மாடி கட்டுவது போன்றது இது. விரைவில் முடியும், செலவும் குறைவு. ஆனால் கீழ் வீடு இல்லாமல் மாடி நிற்காது. இரண்டாம் வழி, மூளை முதல் ஆண்டெனா வரை எல்லாவற்றையும் 5ஜியாகவே புதிதாக அமைப்பது. அடித்தளமிட்டுப் புது வீடு கட்டுவது போன்றது இது. செலவும் உழைப்பும் அதிகம். புதிய தலைமுறையின் முழுப் பயனும் இதில்தான் கிடைக்கும். 2022-இல் இந்தியாவில் ஏர்டெல் முதல் வழியையும் ஜியோ இரண்டாம் வழியையும் தேர்ந்தெடுத்தன. ஜியோ 700 மெகா ஹெர்ட்ஸ் அலையை ஏலத்தில் வாங்கியதற்கும் இது ஒரு காரணம். தனித்து நிற்கும் 5ஜிக்கு நெடுந்தொலைவு செல்லும் அலை ஒன்று வேண்டும்.

யாருக்கு முதலில்?

முதல் நாளில் ஏர்டெல் 5ஜி தொடங்கிய எட்டு நகரங்கள் தில்லி, மும்பை, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், சிலிகுரி, நாகபுரி, வாராணசி ஆகியவை. இந்தப் பட்டியலில் ஒரு கிராமமும் இல்லை. டோக்கியோ, சிகாகோ, ஸ்டாக்ஹோம், கொல்கத்தா என ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு நாட்டிலும் பெருநகரத்திலேயே பிறந்திருக்கிறது.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஒரு கோபுரத்தில் புதிய ஆண்டெனா வைக்க ஆகும் செலவு நகரத்திலும் மலையிலும் ஏறத்தாழ ஒன்றே. மலையில் சற்றுக் கூடவும் ஆகலாம். ஆனால் நகரத்துக் கோபுரத்தின் அடியில் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். மலைக் கோபுரத்தின் அடியில் சில நூறு பேர் இருக்கிறார்கள். நகரத்தில் பழைய வலையமைப்பு நெரிசலால் திணறுவதும் உண்மை. ஆகவே கூட்டம் மிகுந்த இடத்தில் தொடங்கி, நெடுஞ்சாலை, மாவட்டத் தலைநகர், சிறுநகரம் என்று புதிய தலைமுறை மெல்லப் பரவுகிறது.

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாட்டில் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட 5ஜி நிலையங்கள் அமைந்துவிட்டன. 99 சதவீதத்துக்கும் அதிகமான மாவட்டங்களில் 5ஜி கிடைக்கிறது என்று அரசு தெரிவித்தது. இரண்டரை ஆண்டுகளில் இது பெரிய சாதனையே. எனினும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். ஒரு மாவட்டத்தில் 5ஜி கிடைக்கிறது என்பதற்கு, அம்மாவட்டத்தின் ஒவ்வோர் ஊரிலும் அது கிடைக்கிறது என்று பொருள் அன்று. தலைநகரின் கடைவீதியில் கிடைத்தாலும் அம்மாவட்டம் கணக்கில் சேர்ந்துவிடும்.

பழையது விடைபெறும் நேரம்

பழைய வலையமைப்பை என்றென்றும் வைத்திருக்க முடியாது. அதற்கும் மின்சாரம் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும், உதிரிப் பாகம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது பிடித்துக்கொண்டிருக்கும் அலை புதியதற்குத் தேவைப்படுகிறது. ஆதலால் ஒரு நாள் பழையதை அணைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் முதல் தலைமுறை 2008 பிப்ரவரியில் அணைக்கப்பட்டது. அங்கே மூன்றாம் தலைமுறையை 2022-இல் பெரிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணைத்தன. அப்போது வீடுகளில் தீ, திருட்டு ஆகியவற்றை அறிவிக்கும் கருவிகளில் பல 3ஜியையே நம்பியிருப்பது பெரும் கவலையாயிற்று. சுவரில் மாட்டிய அந்தச் சிறு பெட்டிக்குள் ஒரு செல்பேசி இருக்கிறது என்பதே பல வீட்டாருக்குத் தெரியாது.

ஆஸ்திரேலியாவில் இதைவிட நுட்பமான சிக்கல் எழுந்தது. 4ஜி வலையமைப்பு இணையச் செய்திகளுக்காகவே வடிவமைக்கப்பட்டது. பேச்சுக்கென்று அதில் பழைய முறைப் பாதை கிடையாது. 4ஜியிலேயே பேச ‘வோல்ட்டி’ என்ற வசதி கருவியில் இருக்க வேண்டும். அது இல்லாத கருவி, இணையத்தை 4ஜியில் பார்த்தாலும், பேசும்போது ஓசையின்றி 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிக்கொள்ளும். சில கருவிகள் சாதாரண அழைப்புகளை 4ஜியில் செய்தாலும், அவசர உதவி எண்ணை அழைக்கும்போது மட்டும் 3ஜிக்கே இறங்கும்படி அமைந்திருந்தன. 3ஜி அணைந்தபின் அந்தக் கருவி நாள்தோறும் நன்றாகவே வேலை செய்யும். ஆபத்து வேளையில் மட்டும் கைவிடும். இதனால் அங்கே 3ஜியை அணைக்கும் நாள் ஒத்திவைக்கப்பட்டு, 2024 அக்டோபர் இறுதியில் நிகழ்ந்தது. அவசர எண்ணை அழைக்க முடியாத கருவிகளுக்குச் சேவை தரக்கூடாது என்ற விதியும் வந்தது. கடுமையான விதிதான், ஆயினும், நெருக்கடி வேளையில் வேலை செய்யாத கருவியை நம்பிக்கொண்டிருப்பதைவிட அது நல்லது என்று கருதப்பட்டது.

நம் நாட்டில் ஒரு விந்தை நடந்துள்ளது. ஏர்டெல் நிறுவனம் 2020-க்குள் தன் 3ஜியை அணைத்துவிட்டது; ஆனால் அதற்கும் மூத்த 2ஜியை வைத்திருக்கிறது. அண்ணன் இருக்கத் தம்பி விடைபெற்றது ஏன்? 3ஜி கருவி வைத்திருந்தவர்கள் 2ஜியிலும் பேசலாம். வசதி உள்ளவர்கள் 4ஜிக்கு மாறினார்கள். ஆனால் 2ஜி பட்டன் போன் மட்டும் வைத்திருக்கும் கோடிக்கணக்கான மக்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. வயலில் வேலை செய்பவர், கூலி வேலைக்குச் செல்பவர், தாத்தா பாட்டியர் ஆகியோரின் பைகளில் உள்ளவை அவையே. ஒரு முறை மின்னேற்றினால் பல நாள் வரும், கீழே விழுந்தாலும் உடையாது, விலையும் குறைவு. வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் அவர்களுக்கு அந்தப் போனிலேயே வருகிறது. இணையம் இல்லாத பட்டன் போனிலிருந்தும் பணம் அனுப்பும் வசதியை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கியதும் இவர்களை எண்ணியே. 2ஜியையும் மூடிவிட வேண்டும் என்ற குரல் தொழில்துறையில் எழுந்திருக்கிறது. அலையைச் சேமிக்கலாம் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் மூடுமுன், 2ஜியை மட்டுமே நம்பியிருப்பவரின் கையில் மாற்றுக் கருவி இருக்கிறதா என்று கேட்பது நம் கடமை.

கடைசி ஊர்

இலாபம் இல்லாத இடத்துக்கு நிறுவனம் தானாகச் செல்லாது. அதற்காகவே ஓர் ஏற்பாடு உண்டு. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் வருவாயில் 5 சதவீதத்தை ஒரு பொது நிதிக்குச் செலுத்துகின்றன. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். நகரத்தில் நாம் கட்டும் கட்டணத்தில் ஒரு சிறு பகுதி இவ்வழியே எங்கோ ஒரு மலைக் கிராமத்துக் கோபுரமாகிறது. சேவையே எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்ல 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. நாடு 5ஜி விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்த அதே ஆண்டில், எந்தத் தலைமுறையும் சரியாக எட்டாத கிராமங்கள் இத்தனை இருந்தன என்பதை இந்த எண் நமக்குச் சொல்கிறது.

அந்தப் பொறுப்பு அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல்.லிடம் வந்தது. வெளிநாட்டுக் கருவிகளை வாங்காமல், இந்தியாவிலேயே உருவான 4ஜி தொழில்நுட்பத்தைக் கொண்டு அது தன் வலையமைப்பை அமைத்தது. அரசின் சி-டாட் ஆய்வு மையம் மூளையையும், தேஜஸ் நிறுவனம் கோபுரக் கருவிகளையும் உருவாக்க, டி.சி.எஸ். நிறுவனம் அவற்றை ஒருங்கிணைத்தது. 2025 செப்டம்பர் 27 அன்று ஏறத்தாழ 97,500 கோபுரங்கள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. 5ஜி வந்து மூன்று ஆண்டு கழித்து 4ஜிக்கு விழாவா என்று சிலர் நகைக்கலாம். ஆனால் அன்றுவரை ஒரு கோடும் தெரியாத ஊரில் இருப்பவருக்கு அந்த 4ஜியே புதிய தலைமுறை.

2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது பள்ளிகள் மூடப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். பாடம் செல்பேசியில் நடந்தது. சிக்னல் எட்டாத மலைக் கிராமங்களில் மாணவ மாணவியர் பாறைகளிலும் மரங்களிலும் ஏறி அதைத் தேடிய செய்திகள் அந்நாட்களில் வந்தன. அவர்களுக்காகக் கல்வித் தொலைக்காட்சியிலும் பாடங்கள் ஒளிபரப்பாயின. வலையமைப்பு என்பது வெறும் வசதி அன்று. ஒருவருக்குப் படிப்பு கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அதைப் பொறுத்து அமையக்கூடும் என்று அந்த ஆண்டு நமக்குக் கற்பித்தது.

நாம் செய்யக்கூடியவை

இவற்றிலிருந்து நாம் சில நடைமுறைப் பாடங்களையும் பெறலாம். விளம்பரத்தில் புதிய ‘ஜி’யைக் கண்டவுடன் நல்ல நிலையில் உள்ள கருவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நம் ஊரில் எந்தத் தலைமுறை உண்மையில் கிடைக்கிறது என்று விசாரித்த பின் வாங்குவதே சிக்கனம். வீட்டுப் பெரியவர்களுக்குக் கருவி வாங்கும்போது அதில் வோல்ட்டி வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். 4ஜியில் பேசக்கூடிய பட்டன் போன்களும் கடைகளில் கிடைக்கின்றன. பெரியவர்கள் பழகிய பொத்தான்களை விடாமலேயே புதிய தலைமுறைக்கு மாறலாம். அவசர உதவிக்கான 112 என்ற எண்ணை அவர்களுக்குச் சொல்லித்தருவதும் நம் வேலையே. சிக்னல் இல்லாத ஊரிலிருந்து விடுதிக்கு வந்து படிக்கும் தோழியர் நம்மிடையே இருந்தால், விடுமுறையில் அவர்களுக்குச் செய்தி எட்டவில்லை என்று குறை கூறாமல், பாடக்குறிப்புகளை முன்கூட்டியே கொடுத்தனுப்பலாம்.

தோழியரே, நம்மில் சிலர் நாளை பொறியாளராகலாம். சிலர் ஆட்சிப் பணிக்கும் செல்லலாம். ஏழாவது, எட்டாவது தலைமுறையை எங்கே முதலில் அமைப்பது, பழையதை எப்போது அணைப்பது என்று முடிவு செய்யும் மேசையில் நம்மில் ஒருத்தி அமரக்கூடும். முதல் நகரத்தில் விளக்கேற்றிய நாளையே எல்லோரும் கொண்டாடுவார்கள். கடைசிக் கிராமத்துக் கோபுரம் பேசத் தொடங்கும் நாள் எது, பழைய கருவியோடு நிற்பவர் அதற்குள் என்ன செய்வார் என்ற இரண்டு கேள்விகளையும் அந்த மேசையில் அவள் கேட்க வேண்டும். அவற்றுக்கு விடை கிடைத்த பிறகு விழா நடத்தினால் அதில் நாடு முழுவதும் கலந்துகொள்ளும்.